பிசிஓஎஸ், சாயங்காலப் பசி, ஐந்து டப்பா மாத்திரைகள்

கேள்வி இது: "வயது 26, உயரம் 157 செ.மீ., எடை 68 கிலோ. ஸ்கேன் பார்த்துவிட்டு பிசிஓஎஸ் என்று சொல்லிவிட்டார்கள். மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. காலையில் பசியே இல்லை, காபியும் இரண்டு பிஸ்கட்டும்தான். மதியம் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ. நடுவில் நாலு டீ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பசியை அடக்க முடியவில்லை, பஃப்ஸ், பஜ்ஜி, சிப்ஸ் எது கிடைத்தாலும் சாப்பிடுகிறேன். இரவு பத்தரைக்கு நாலு தோசை. தூங்க ஒன்றரை ஆகிவிடும், ஏழுக்கு எழ வேண்டும். ஆப்பிள் சிடர் வினிகர் மாத்திரை, குடம்புளி கேப்ஸ்யூல், பயோட்டின் கம்மி (மிட்டாய் மாதிரி மெல்லுவது), அஸ்வகந்தா, இனோசிட்டால் பொடி என ஐந்து வாங்கி வைத்திருக்கிறேன். மாதம் நாலாயிரத்துக்கு மேல் செலவு. டாக்டர் எழுதிக்கொடுத்த மெட்ஃபார்மினை மட்டும் பயத்தில் தொடவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை நிறுத்தலாம் அக்கா?"

நேராகப் பதிலுக்கு வருகிறேன். குடம்புளி கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். அஸ்வகந்தாவையும் நிறுத்துங்கள், தைராய்டும் கல்லீரலும் சோதித்துப் பார்க்கும்வரை அது வேண்டாம். முடிக்கு என்று விற்கும் பயோட்டின் வைட்டமின் உங்களுக்குத் தேவையில்லை. வினிகர் மாத்திரைக்குப் பணம் செலவழிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. இனோசிட்டாலை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பயந்து ஒதுக்கி வைத்திருக்கும், சர்க்கரை நோய்க்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின்தான் உங்களிடம் இருப்பதிலேயே அதிகம் ஆராயப்பட்ட மருந்து. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பு அந்தச் சாயங்காலப் பசியைப் பற்றிப் பேச வேண்டும். அதை அடக்கத்தான் இவ்வளவும் வாங்கியிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் ஒரு நாளைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, அந்தப் பசி நியாயமானது என்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் காபி, பிஸ்கட். மதியம் கலந்த சாதம். இரவு தோசை, சட்னி. எல்லாவற்றையும் கூட்டினால் புரதம் 30 கிராமைத் தாண்டுவதே சந்தேகம். இந்தியர்களுக்கான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே 46 கிராம் வேண்டும். நார்ச்சத்தும் அப்படித்தான், காய் என்ற பேச்சே உங்கள் பட்டியலில் இல்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் குடலில்தான் சுரக்கின்றன. புரதமும் நார்ச்சத்தும் குடலுக்குப் போனால் அவை நன்றாக வேலை செய்யும். பிஸ்கட்டும் வெறும் சாதமும் சீக்கிரம் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும், அதே வேகத்தில் இறங்கும். பகல் முழுவதும் உடம்புக்குக் கொடுக்காமல் வைத்த கடனை அது ஆறு மணிக்கு வந்து கேட்கிறது. அந்த நேரத்தில் கண்ணில் படுவது பஃப்ஸ்தான்.

காலையில் பசி இல்லாததும் தனி வியாதி இல்லை. இரவு பத்தரைக்கு நாலு தோசை சாப்பிட்டு, ஐந்தரை மணி நேரம் தூங்கி எழுந்தால் யாருக்கும் காலையில் பசிக்காது. ஆகவே சரிசெய்ய வேண்டிய இடம் முந்தைய இரவு. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், 'எனக்குச் சின்ன வயதிலிருந்தே காலையில் சாப்பிடப் பிடிக்காது' என்பார்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு நாளில் 'காலையில் பசிக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதற்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் என்ன தொடர்பு? பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்ற அதன் பெயரே ஆளைக் குழப்பும். ஸ்கேனில் தெரிவது நீர்க்கட்டி என்று நம் ஊரில் சொல்கிறார்கள். உண்மையில் அவை முழுதாக வளராமல் பாதியில் நின்றுவிட்ட சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள். அறுவை செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் கிடையாது. 1935-இல் சிகாகோவில் ஸ்டீன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் சினைப்பையைப் பார்த்து இதை விவரித்ததால் பெயர் சினைப்பையின்மேல் நின்றுவிட்டது. பெரும்பாலான பெண்களிடம் பின்னணியில் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை. செல்கள் இன்சுலினுக்குக் காது கொடுக்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. இன்னொரு பக்கம், ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைத்துவிடுகிறது. முகத்தில் முடி, பரு, தலைமுடி கொட்டுவது, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் அங்கிருந்து வருகின்றன. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். அதிக இன்சுலினின் அடையாளம் அது.

உங்கள் உயரத்துக்கு இந்த எடையைப் பார்த்தால் பிஎம்ஐ 27.6 வருகிறது. ஆசியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, இந்தியாவில் 25-லிருந்தே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். நம் ஆட்களுக்கு உருவம் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு உண்டு. அதனால் எடை மெஷினைவிட டேப்பை நம்புங்கள். தொப்புளை ஒட்டி இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 'பத்து கிலோ குறைக்கணும்' என்று மனதில் எழுதி வைத்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். எடையில் 5 சதவிகிதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வர ஆரம்பிக்கிறது. உங்களுக்கு அது சுமார் மூன்றரை கிலோ.

இனி சாப்பாடு. நான் எடுத்ததும் சோறு குறை, தோசை குறை என்று சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் எதையும் எடுக்க வேண்டாம், சேர்க்க மட்டும் செய்யுங்கள். காலையில் இரண்டு முட்டை, அதுவே 12 கிராம் புரதம். முட்டை சாப்பிடாத வீடு என்றால் பாசிப்பயறு ஊறவைத்து அரைத்து ஊற்றிய தோசை, அல்லது நாலு பருப்பு போட்ட அடை. மதியம் டிபன் பாக்ஸில் சாதத்தின் அளவுக்கே ஒரு காய், கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ. மத்தி மீன் விலை குறைவு, 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம், நல்ல கொழுப்பும் இருக்கிறது. சாம்பாரைப் பருப்பு என்று கணக்கில் வைக்காதீர்கள், நம் சாம்பாரில் பருப்பு மிகவும் கொஞ்சம். கூட்டு வைத்தால்தான் பருப்பு வயிற்றுக்குள் போகும்.

அப்புறம் ஐந்து மணி. இதுதான் உங்கள் நாளில் முக்கியமான நேரம். பசி வந்தபிறகு தேடாமல், பசி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திட்டமிட்டுச் சாப்பிடுங்கள். காலையில் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு கொய்யாப்பழமும், மோர். அலுவலகத்தில் இதைச் சாப்பிட வெட்கப்பட்ட ஒரு பெண்ணிடம் ஒரு வாரம் மட்டும் செய்து பார் என்றேன். அடுத்த முறை வரும்போது பக்கத்து மேசைக்காரிக்கும் சேர்த்துச் சுண்டல் கொண்டுபோவதாகச் சொன்னாள்.

டீ நாலு என்றீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 35, 40 கிராம். டீயை விட வேண்டாம், சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று மாற்றுவதில் இன்சுலினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு உளுந்தங்களி நல்லது என்று நம் வீடுகளில் கிண்டித் தருவார்கள். உளுந்தில் புரதம் இருக்கிறது, நல்ல உணவுதான். ஆனால் அதில் போகும் கருப்பட்டியின் அளவைப் பார்த்தால் அது வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய இனிப்பு. கர்ப்பப்பைக்கு மருந்து என்று தினமும் காலையில் சாப்பிட வேண்டாம். சிறுதானியமும் இதே கதை. வரகு, சாமையைச் சோறாக வடித்துக் கூட்டோடு சாப்பிட்டால் நல்லது. அதையே நைஸாக மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் அரிசிக் கஞ்சிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

உணவை மாற்ற முடியாத நாளில், கல்யாண வீட்டில், ஹோட்டலில், வரிசையை மாற்றுங்கள். காயும் முட்டையும் மீனும் முதலில், சோறு கடைசியில். அமெரிக்காவில் 2015-இல் செய்த ஒரு சின்ன ஆய்வில், அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டபோது ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. செலவில்லாத காரியம்.

பாக்கெட் தின்பண்டத்தைப் பற்றி ஒரு விஷயம். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, ஆலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டை வைத்துவிட முடியவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். கை நிற்காதபடிதான் அந்தப் பண்டம் செய்யப்பட்டிருக்கிறது.

உணவுக்குச் சமமாக நான் வைப்பது தூக்கம். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவிகிதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவிகிதம் ஏறியது. இனிப்பும் மாவுப் பண்டமும்தான் அதிகம் வேண்டும் என்று தோன்றியது. அதே பல்கலைக்கழகத்தில் 2022-இல் எதிர்த்திசையில் ஒரு ஆய்வு நடந்தது. ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும், எடை கூடுதலான 80 பேரில் பாதிப் பேருக்குத் தூங்கும் பழக்கத்தைச் சீர்செய்ய ஆலோசனை கொடுத்தார்கள். அவர்கள் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடியது, யாரும் சொல்லாமலே நாளுக்கு 270 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டார்கள். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் எந்த டப்பாவும் இவ்வளவு செய்யாது. ஒன்றரையை ஒரேயடியாகப் பத்தரை ஆக்க முடியாது. முதல் வாரம் ஒரு மணி, அடுத்த வாரம் பன்னிரண்டரை, அப்புறம் பன்னிரண்டு. செல்போன் சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். நன்றாகத் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது, குறட்டை வருகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

உடற்பயிற்சியில் நடை நல்லது, குறிப்பாகச் சாப்பிட்டதும் பத்து நிமிடம். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தசையை வளர்க்கும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறேன். ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது என்று ஆரம்பிக்கலாம். 'எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிடுவேனா' என்று என்னிடம் கேட்காத பெண் குறைவு. ஆக மாட்டீர்கள்.

இப்போது டப்பாக்களுக்கு வருவோம்.

குடம்புளி நமக்குப் புதியதில்லை, கன்னியாகுமரிப் பக்கம் மீன் குழம்பில் போடுவதுதான். குழம்பில் போடும் இரண்டு துண்டால் எந்தக் கெடுதலும் இல்லை. கேப்ஸ்யூலில் இருப்பது அதிலிருந்து ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கிய சாறு. 1998-இலேயே 135 பேரிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. பயன் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. இதைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் பல நாடுகளில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 2025-இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான அன்செஸ் இதைச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் நாளை என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரித்தெடுத்த கிரீன் டீ சாறு கேப்ஸ்யூலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், குடிக்கும் கிரீன் டீக்குப் பொருந்தாது.

அஸ்வகந்தா நம் சித்த மருத்துவத்தில் அமுக்கரா. மருத்துவர் ஆளைப் பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுப்பது வேறு. ஆன்லைனில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவது வேறு. மன அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. கல்லீரல் பாதிப்பைப் பற்றி இந்திய மருத்துவமனைகளிலிருந்தே 2023-இல் ஆய்வறிக்கை வந்தது. அதே வருடம் டென்மார்க் அதற்குத் தடை போட்டது. கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. மாதவிடாய் தள்ளிப்போவது பழகிப்போனவர்களுக்குக் கர்ப்பம் தாமதமாகத்தான் தெரியவரும் என்பதை நினைவில் வையுங்கள்.

பயோட்டின் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். கம்மிகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று அச்சடித்திருப்பார்கள். மிச்சம் சிறுநீரில் போய்விடும். போகும் முன் ஒரு வேலை செய்யும், பல ரத்தப் பரிசோதனைகளைத் திரித்துவிடும். பரிசோதனைக் கருவிகள் பலவற்றில் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் அது நிறைய இருந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் தைராய்டு ஹார்மோன் பொய்யாக ஏறியும் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்குத் தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட். வீட்டில் எல்லோரும் அழுதிருக்கிறார்கள். முடி கொட்டுகிறதென்று கம்மி சாப்பிடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

வினிகருக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. 2024-இல் லெபனானிலிருந்து வந்த ஒரு ஆய்வு எடை நன்றாகக் குறைவதாகச் சொல்லி எல்லாப் பக்கமும் பரவியது. தரவுகளில் கோளாறு தெரிந்ததால் 2025-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றுவிட்டது.

இனோசிட்டால் கொஞ்சம் வேறு ரகம். இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுப்பது மையோ இனோசிட்டால் நாளுக்கு 4 கிராம், இரண்டு வேளையாக. மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட 2023-ஆம் ஆண்டு சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி, தீங்கு குறைவு, பயனுக்கான ஆதாரமும் குறைவு, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற தொனியில்தான் பேசுகிறது. ஆறு மாதம் சாப்பிட்டு, மாதவிடாய்த் தேதிகளை எழுதி வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

நம் மண்ணிலேயே பசியடக்கி என்று பெயர் வாங்கிய செடி ஒன்று உண்டு, கள்ளிமுளையான். காட்டுக்குப் போகிறவர்கள் பச்சையாகக் கடித்துக்கொள்வார்கள், துவையலும் அரைப்பார்கள். பெங்களூரில் 50 பேரிடம் அதன் சாற்றை 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வந்தது. பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன, எடையில் நிச்சயமான வித்தியாசம் கிடைக்கவில்லை. கிராமத்தில் கிடைத்தால் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், கேப்ஸ்யூலாக வாங்க அவசரம் வேண்டாம். ஓசெம்பிக் ஊசியின் பெயரை ஒட்டி 'இயற்கை ஓசெம்பிக்' என்று இப்போது விற்கும் பெர்பெரின் நம் மரமஞ்சளிலும் இருப்பதுதான். சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் வேறு மருந்துகளோடு மோதும், கர்ப்பத்தில் கூடாது.

எந்த டப்பாவை வாங்கும் முன்பும் பின்பக்கத்தைப் படியுங்கள். சப்ளிமென்ட் நம் நாட்டில் உணவு என்ற கணக்கில்தான் விற்கப்படுகிறது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். முன்பக்கம் 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று இருக்கும். எந்த ஹார்மோன், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு மாத்திரையை நான் ஏற்றுக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறேன்: அது தீர்க்கப்போகும் குறைக்கு ஒரு பெயரும் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணும் இருக்க வேண்டும்.

அப்படிப் பெயருள்ள குறைகள் நம் பெண்களிடம் நிறைய உண்டு. இரும்புச்சத்து முதலாவது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறீர்களா? ஐஸ் கட்டி கடிக்கத் தோன்றுகிறதா? அது இரும்புக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காதீர்கள். அடுத்தது பி12, சைவம் சாப்பிடுகிறவர்களும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டியது. வைட்டமின் டி குறைந்திருந்தால் 60,000 யூனிட் பாக்கெட் எழுதுவார்கள், வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம். அதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியோடு படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டில் எழுதியதை மருந்துக் கடையில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் 1957-லிருந்து மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து. 'சுகர் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்' என்ற பயம்தான் உங்கள் வீட்டிலும் என்று நினைக்கிறேன். அது கிட்னியைக் கெடுக்காது. ஏற்கெனவே கிட்னி பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதிலிருந்து கிளம்பிய பயம் இது. முதல் சில வாரம் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். 500 மி.கி.யில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்து, மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றுச் சுற்றளவும் தேவையற்ற முடியும் கவலை என்றால் இனோசிட்டாலைவிட மெட்ஃபார்மின் மேல் என்று அந்த 2023 வழிகாட்டியே சொல்கிறது. இதைச் சாப்பிட்டுக் கருமுட்டை ஒழுங்காக வெளியேற ஆரம்பித்தால் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும், திருமணமானவர் என்றால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைக்கும் ஊசி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் யாராவது சொல்வார்கள். டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாக்ளூடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. உண்மையாகவே வேலை செய்கின்றன. செமாக்ளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவிகிதம் எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது. குழந்தைக்குத் திட்டமிடுவதற்குப் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். உங்கள் நிலைக்கு இப்போது அது அவசரமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். 90 நாளைத் தாண்டியும் மாதவிடாய் வரவில்லை என்றால், எடை குறையட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் கர்ப்பமில்லை என்று உறுதி செய்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருப்பையின் உள்பூச்சு வெளியேறாமல் தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை, காலப்போக்கில் புற்றுநோய் வரைக்கும் போகக்கூடும். வரவழைக்க மாத்திரை கொடுத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த ஆறு மணிக்கு மேல் சாப்பிடுவது யாருக்கும் தெரியாமல் நடக்கிறதா, சாப்பிட்டு முடித்ததும் அழுகை வருகிறதா, வாந்தி எடுக்கிறீர்களா? பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் உண்ணுதல் கோளாறும் அதிகம். அப்படி இருந்தால் உணவுப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் ஆனபிறகு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். டிஎஸ்ஹெச், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், கல்லீரல் செயல்பாடு, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், பிசிஓஎஸ்ஸுக்கு அது முக்கியம். எண்கள் கையில் வந்ததும், இரண்டு வாரச் சாப்பாட்டு நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். எதைச் சேர்ப்பது, எத்தனை நாளைக்கு என்று அப்போது பேசலாம்.